மிஞ்சும் சொற்கள்: கண்டெடுத்த கவிதையும் வகுப்பறையும்

1819-ஆம் ஆண்டு, கேம்பிரிட்ஜில் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்த வில்லியம் ஹ்யூவெல் இயந்திரவியலுக்கு ஒரு பாடநூல் வெளியிட்டார். எவ்வளவு பெரிய விசையால் இழுத்தாலும், கயிறு எவ்வளவு மெல்லியதானாலும், கிடைமட்டத்தில் அது முழு நேர்கோடாக நிற்காது என்று சொல்லும் ஒரு வாக்கியம் அதில் இருந்தது. ஹ்யூவெல் அதை உரைநடையாகத்தான் எழுதியிருந்தார். அவருடைய நண்பரும் நிலவியல் அறிஞருமான ஆடம் செட்ஜ்விக் ஒரு விருந்தில் அதே வாக்கியத்தை நான்கு அடிகளாக நிறுத்திச் சொல்லிக் காட்டினார். சந்தமும் இயைபும் பிசகாத ஒரு செய்யுள் அங்கே இருந்தது. அடுத்த பதிப்பில் ஹ்யூவெல் அந்த வாக்கியத்தையே எடுத்துவிட்டார்.

அந்தச் செய்யுளை இயற்றியவர் யார்? எழுதியவர் அறியவில்லை; அறிந்ததும் அழித்துவிட்டார். அச்சுக் கோத்தவருக்கும் தெரியாது. காது கொடுத்துப் படித்த ஒருவர் அதைக் கண்டெடுத்தார். ‘கண்டெடுத்த கவிதை’ என்று இன்று நாம் சொல்வதன் அடிப்படை இவ்வளவுதான்: வேறொரு காரியத்துக்காக அச்சான பக்கத்திலிருந்து, அதில் உள்ள சொற்களை மட்டும் கொண்டு, ஒரு வாசகர் கவிதையை வெளியே எடுப்பது. 1766-இல் லண்டனில் கேலப் வைட்ஃபோர்ட் நாளிதழின் பத்திகளை மேலிருந்து கீழாகப் படிக்காமல், ஒரு பத்தியின் வரியிலிருந்து பக்கத்துப் பத்தியின் வரிக்குத் தாவிக் குறுக்கே படித்து, கிடைத்த விநோதங்களை வெளியிட்டார். 1936-இல் டபிள்யூ. பி. யேட்ஸ் தாம் தொகுத்த நவீன ஆங்கிலக் கவிதைத் தொகைநூலின் முதல் கவிதையாக வைத்தது வால்டர் பேட்டரின் உரைநடைப் பகுதி ஒன்றை. மோனாலிசா ஓவியத்தைப் பற்றிய அந்தப் பத்தியை அடி பிரித்து அச்சிட்டார், அவ்வளவே. மூன்று பேரும் ஒரு சொல்லைக்கூடப் புதிதாக எழுதவில்லை. மூவரும் நன்றாகப் படித்தார்கள்.

பள்ளிகளுக்கு இந்த வடிவம் வந்தபோது இந்த அடிப்படை சற்றே மறந்துபோனது என்று நினைக்கிறேன். அமெரிக்காவில் ஸ்டீபன் டன்னிங்கும் கவிஞர் வில்லியம் ஸ்டாஃபோர்டும் 1992-இல் மாணவர்களுக்கென எழுதிய கவிதைப் பயிற்சி நூலில் கண்டெடுத்த கவிதைக்கும் தலைப்புச் செய்திகளை வைத்துச் செய்யும் கவிதைக்கும் இடம் கொடுத்தார்கள். 2010-இல் ஆஸ்டின் கிளியான் நாளிதழ்ப் பக்கத்தைக் கறுப்பு மார்க்கரால் மறைத்துச் சில சொற்களை மட்டும் மிச்சம் வைத்த கவிதைகளைத் தொகுத்து வெளியிட்டார். அதன்பின் உலகெங்கும் வகுப்பறைகளில் மார்க்கர் வாடை அடித்தது. எளிது, செலவில்லை, வெள்ளைத் தாளைக் கண்டு மிரளும் பிள்ளையும் ஏதோ ஒன்றைச் செய்துவிடும். இவையெல்லாம் உண்மைதான். ஆனால் எழுத வராத பிள்ளைகளுக்கு ஒரு குறுக்கு வழி என்ற அளவில் இதை வைத்துக்கொண்டால் இதன் சாரத்தை விட்டுவிடுகிறோம். கண்டெடுத்த கவிதை வாசிப்புப் பயிற்சி. ஒரு பக்கத்தின் ஒவ்வொரு சொல்லையும் எடைபோட்டு, இது வேண்டும், இது வேண்டாம் என்று தீர்மானிக்க வைக்கும் பயிற்சி வேறு எளிதில் கிடைப்பதில்லை. அந்த நோக்கில் பார்த்தால், எந்தப் பக்கத்தைக் கொடுப்பது, என்ன விதி வைப்பது, எப்படி மதிப்பிடுவது என்று ஆசிரியர் எடுக்கும் முடிவுகள் எல்லாமே மாறிவிடும்.

இந்த மரபில் இரண்டு நீரோட்டங்கள் உண்டு. ஒன்று தற்செயலை நம்புவது. 1920-இல் டிரிஸ்டன் ஜாரா தாதாயிசக் கவிதைக்குச் செய்முறை சொன்னார்: நாளிதழ்க் கட்டுரையைச் சொல் சொல்லாக வெட்டு, பையில் போட்டுக் குலுக்கு, வந்த வரிசையில் எழுது. 1959-இல் பாரிஸ் விடுதி அறை ஒன்றில் ஓவியர் பிரையன் ஜிசின் அட்டை வெட்டியபோது, அடியில் விரித்திருந்த நாளிதழ்களும் கீறுபட்டன. துண்டுகள் ஒன்றோடொன்று சேர்ந்து புது வாக்கியங்கள் ஆயின. அவருடைய நண்பர் வில்லியம் பர்ரோஸ் அதையே தம் நாவல்களின் முறையாக்கிக்கொண்டார். மற்றது தேர்வை நம்புவது. இதற்குத் தலையாய சான்று டாம் ஃபிலிப்ஸ். 1966-இல் தெற்கு லண்டனின் பெக்கம் ரை பகுதியில் மூன்று பென்னிக்கு ஒரு பழைய நாவலை வாங்கினார். டபிள்யூ. எச். மல்லாக் 1892-இல் எழுதி மறக்கப்பட்டுவிட்ட புத்தகம். அதன் ஒவ்வொரு பக்கத்திலும் சில சொற்களை விட்டு மீதியை ஓவியத்தால் மூடினார். ஒருமுறை முடித்தபின் மறுபடியும் முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தார். ‘எ ஹ்யூமமென்ட்’ என்ற அந்நூலின் கடைசிப் பதிப்பு 2016-இல் வந்தது. ஐம்பது ஆண்டுகள், ஒரே புத்தகம். அதில் ‘டோஜ்’ என்றொரு பாத்திரம் வருகிறான். ஆங்கிலத்தில் ‘டுகெதர்’, ‘ஆல்டுகெதர்’ என்ற சொற்கள் உள்ள பக்கங்களில் மட்டுமே அவன் வர முடியும். அவன் பெயர் அந்தச் சொற்களின் வயிற்றுக்குள் இருக்கிறது. ரொனால்ட் ஜான்சன் 1977-இல் மில்டனின் காப்பியத்தின் முதல் நான்கு காண்டங்களை இதே போல அழித்து அழித்துத் தம் கவிதையை எடுத்தார்.

குலுக்கிப் போடுவது பிள்ளைகளுக்குப் பிடிக்கும், சிரிப்பார்கள். முதல் நாள் ஐந்து நிமிடத்துக்கு அது போதும். தற்செயலுக்கு வாசகர் தேவையில்லை என்பதால் வகுப்பில் அதற்கு மேல் அதற்கு வேலையில்லை. ஃபிலிப்ஸ் காட்டிய வழியே நமக்கு உரியது.

தமிழுக்கு இது முழுக்க அந்நியமான சரக்கு என்று யாரும் தயங்க வேண்டாம். தண்டியலங்காரம் சொல்லும் சித்திரகவிகளில் காதை கரப்பு என்று ஒன்று உண்டு: ஒரு செய்யுளை ஈற்றிலிருந்து ஓரெழுத்து விட்டு ஓரெழுத்தாகப் படித்தால் அதற்குள் ஒளிந்த இன்னொரு செய்யுள் வரும். கரந்துறைச் செய்யுளிலும் ஒரு பாட்டின் எழுத்துகளுக்குள் மற்றொரு பாட்டு உறைகிறது. அக்கரச் சுதகத்தில் ஒரு சொல்லின் எழுத்துகளை ஒவ்வொன்றாக நீக்க நீக்க வேறு வேறு பொருள் பிறக்கும். அடியையும் தொடையையும் மாற்றி நிறுத்தினால் வேறு பாவாகிவிடும் பிறிதுபடு பாட்டும் இந்தக் குடும்பம்தான். செட்ஜ்விக் விருந்தில் செய்ததற்கு அது நெருங்கிய உறவு. வேறுபாடு ஒன்று இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. சித்திரகவியில் ஒளிப்பதும் புலவர், வழி சொல்வதும் புலவர். கண்டெடுத்த கவிதையில் யாரும் எதையும் ஒளித்து வைக்கவில்லை. சிவஞான முனிவரின் சோமேசர் முதுமொழி வெண்பாவில் ஒவ்வொரு வெண்பாவின் பின்னிரண்டு அடியும் திருக்குறளாகவே இருக்கும். பிறர் வரியைத் தன் பாட்டின் உறுப்பாக்குவதும் நமக்குப் பழக்கமான காரியம்தான்.

இவற்றையெல்லாம்விட எனக்கு நெருக்கமாகத் தோன்றுவது சங்கத் தொகைகளின் புலவர் பெயர்கள். செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார், குப்பைக்கோழியார், மீனெறி தூண்டிலார், தேய்புரிப் பழங்கயிற்றினார். பாடியவர் பெயர் கிடைக்காத இடத்தில், பாட்டுக்குள்ளிருந்தே ஒரு தொடரை எடுத்து அதைப் புலவருக்குப் பெயராக்கினார்கள். அந்தத் தொடரைத் தேர்ந்தவர் எவரோ, அவர் மிகச் சிறந்த வாசகர். ஒரு பாட்டின் உயிர் எந்த இரண்டு மூன்று சொற்களில் குடியிருக்கிறது என்று கண்டுபிடித்திருக்கிறார். வகுப்பில் முதல் பயிற்சி இதுவாகவே இருக்கலாம். ஒரு பக்கச் செய்தியையோ பாடத்தையோ கொடுத்து, ‘இதை எழுதியவர் பெயர் தெரியவில்லை, பக்கத்துக்குள்ளிருந்தே அவருக்கு ஒரு பெயர் கொடு’ என்று சொல்லிப் பாருங்கள். மார்க்கர் வேண்டாம், வெட்ட வேண்டாம். பிள்ளைகள் பக்கத்தை மூன்று முறை படிப்பார்கள்.

அடுத்தது மொழி. ஆங்கிலத்துக்கு எழுதப்பட்ட வழிகாட்டிகளை அப்படியே எடுத்து வந்து தமிழ் வகுப்பில் வைத்தால் தடுக்கி விழுவோம். ஆங்கிலத்தில் சொற்கள் தனித்தனியாக உதிர்ந்து கிடக்கின்றன; சார்புச் சொற்களும் இடைவெளி விட்டு நிற்கின்றன. வேண்டியதை வட்டமிட்டால் போதும், வாக்கியம் பாதி அமைந்துவிடும். தமிழில் வேற்றுமை உருபும் ‘உம்’மும் வினாவும் சொல்லோடு ஒட்டிக்கொண்டிருக்கின்றன. புணர்ச்சியில் எழுத்தே மாறிவிடுகிறது. ‘மழைநீர்’ என்ற சொல்லிலிருந்து நீரை எடுக்கலாம். ‘தண்ணீர்’ என்பதிலிருந்து எடுக்க முடியாது, தண்ணென்ற குளிர்ச்சியைத்தான் எடுக்கலாம். ‘ஆற்றங்கரை’யில் கரை கிடைக்கும், ஆறு கிடைக்காது. பிள்ளைகள் முதலில் இதில்தான் முட்டிக்கொள்கிறார்கள். அவர்களுக்காக விதியைத் தளர்த்தி, ‘பரவாயில்லை, ஆறு என்று எழுதிக்கொள்’ என்று சொல்லும் ஆசிரியர் ஒரு நல்ல இலக்கணப் பாடத்தைக் கைவிடுகிறார். புணர்ச்சி விதியை ஒருவன் நூற்பாவில் மனப்பாடம் செய்வது வேறு. தனக்கு வேண்டிய சொல் கையெட்டும் தூரத்தில் இருந்தும் ஓர் ஒற்று குறுக்கே நிற்பதைக் காண்பது வேறு.

அதனால் தமிழுக்கென ஒரு விதியைப் பரிந்துரைப்பேன்: சொல்லை மட்டுமல்ல, சொல்லின் உறுப்புகளையும் அடிக்கலாம்; எதையும் சேர்க்கக் கூடாது; வரிசை மாறக் கூடாது. இந்த விதியில் நம் எழுத்து என்னவெல்லாம் தருகிறது என்று பாருங்கள். ஒகர ஓகார உயிர்மெய்களில் முன்னால் ஒரு கொம்பும் பின்னால் ஒரு காலும் நிற்கின்றன. ‘சொல்’லின் காலை அடித்தால் ‘செல்’. ‘பொய்’யின் காலை அடித்தால் ‘பெய்’, கொம்பை அடித்தால் ‘பாய்’. ‘தோள்’ என்பதற்குள் தேளும் தாளும் இருக்கின்றன. ‘போர்’ என்பதற்குள் பேரும் பாரும். ‘சோறு’ என்று அச்சிட்ட இடத்தில் ஒரு கோடு இழுத்தால் சேறு, வேறொரு கோடு இழுத்தால் சாறு. ஒற்றின் மேலுள்ள புள்ளியை மறைத்தால் ‘மண்’ ‘மண’ ஆகும், ‘கல்’ ‘கல’ ஆகும். பழைய அச்சில் ணா, றா, னா ஆகியவற்றுக்குக் கால் தனியாக இல்லை, எழுத்தோடு பிணைந்திருந்தது. 1978-இல் தமிழ்நாடு அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தத்துக்குப் பின்தான் அது பிரிந்தது. எனவே தாத்தா வீட்டுப் பரணில் கிடந்த புத்தகத்தின் பக்கமும் இந்த ஆண்டுப் பாடநூலின் பக்கமும் இந்த விளையாட்டில் ஒரே மாதிரி நடந்துகொள்ளா. எழுத்தின் வரலாற்றை ஆறாம் வகுப்புப் பிள்ளை விரல் நுனியால் தொட்டறிய இதைவிட நல்ல வாய்ப்பு எனக்குத் தெரியவில்லை.

வினைச்சொற்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். தமிழ் வாக்கியம் வினையில் முடிகிறது. நாளிதழ் வாக்கியமோ எச்சங்களைச் சங்கிலியாகக் கோத்துக்கொண்டு போய்க் கடைசியில் ‘தெரிவித்தார்’ என்று நிற்கும். அந்தத் ‘தெரிவித்தார்’ என்பதற்குள் ‘தெரி’ இருக்கிறது. ‘இருந்தார்’ என்பதற்குள் ‘இரு’, ‘படிக்கிறார்கள்’ என்பதற்குள் ‘படி’. மரியாதைப் பன்மையில் யாரையோ பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கும் செய்தி, விகுதியை அடித்ததும் எதிரில் நிற்பவரை ஏவத் தொடங்கிவிடுகிறது. படர்க்கை முன்னிலையாகிறது. கவிதையின் குரல் என்றால் என்ன என்று கேட்கும் மாணவருக்கு நான் முதலில் காட்டுவது இதைத்தான்.

ஒரு பக்கத்தை வைத்தே பார்த்துவிடலாம். நாளிதழில் அன்றாடம் வரும் மின்தடை அறிவிப்பின் பாணியில் நானே எழுதிய மாதிரி இது:

‘துணை மின் நிலையத்தில் பராமரிப்புப் பணிகள் நடைபெற உள்ளதால், நாளை காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரை, பிள்ளையார் கோவில் தெரு, குளத்துமேடு, கிழக்கு வீதி, தோப்புத்தெரு ஆகிய இடங்களில் மின் விநியோகம் இருக்காது. மரக்கிளைகள் மின் கம்பிகளில் உரசும் இடங்களில் அவற்றை வெட்டும் பணியும் நடைபெறும். பொதுமக்கள் ஒத்துழைப்பு தருமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.’

இதிலிருந்து ஒருவர் இப்படி எடுக்கலாம்:

துணை
நாளை
மாலை வரை
இருக்காது.
மரக்கிளைகள்
உரசும்
கேட்டுக்கொள்

அதே அறிவிப்பிலிருந்து பக்கத்து இருக்கைக்காரர் இப்படி எடுக்கலாம்:

தோப்பு
இருக்காது
மரக்கிளைகள்
வெட்டும்
மக்கள்

முதலாவதில் ‘துணை’ என்ற சொல் அலுவலகத்தை விட்டு வீட்டுக்குள் வந்துவிட்டது. ‘கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்’ என்ற அந்த நீண்ட அதிகார வினையில், யாரும் யாரையும் நேராகப் பார்த்துப் பேசாத அந்த வினையில், தனியாக இருக்கப் போகும் ஒருவருக்கு யாரோ சொல்லும் ஆறுதல் இருந்திருக்கிறது. இரண்டாவதில் தெருப் பெயரின் முன்பாதி மட்டும் மிஞ்சி, எப்போதோ அங்கே இருந்திருக்க வேண்டிய தோப்பு நினைவுக்கு வருகிறது. ‘பொதுமக்கள்’ என்பதில் ‘பொது’ போனதும் பொறுப்பு வருகிறது. இரண்டு கவிதைக்கும் பொதுவாக இருப்பது ‘மரக்கிளைகள்’, ‘இருக்காது’ என்னும் இரண்டு சொற்கள்தான். ஒன்றில் இல்லாமல் போவது துணை, மற்றதில் தோப்பு. இரண்டையும் கரும்பலகையில் எழுதிப் போட்டு வகுப்பைப் பேசவிட்டால், எழுவாய் மாறினால் பயனிலையின் கனம் எப்படி மாறும் என்பதைப் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.

இந்த மாதிரிக்கு அறிவிப்பைத் தேர்ந்தது வேண்டுமென்றேதான். ஆசிரியரின் வேலையில் முக்கால் பங்கு பக்கத்தைத் தேர்வதில் முடிந்துவிடுகிறது. பொதுவாக எல்லாரும் செய்வது, அழகான உரைநடை ஒன்றைக் கொடுப்பது. வளமான பக்கத்தில் வளமான கவிதை கிடைக்கும் என்ற எண்ணம். கிடைப்பதில்லை. நிலவும் கனவும் மௌனமும் உள்ள பக்கத்தைக் கொடுத்தால் பிள்ளை நேராக நிலவையும் கனவையும் மௌனத்தையும் வட்டமிடும். கவிதைக்குரியவை என்று ஏற்கெனவே கேள்விப்பட்ட சொற்களைப் பொறுக்கி அடுக்கும். அங்கே வாசிப்பு நடக்கவில்லை. வறண்ட பக்கம்தான் உழைக்க வைக்கும். அறிவியல் பாடநூலில் ஒளிச்சேர்க்கை, நீர்ச்சுழற்சி, எலும்பு மூட்டு பற்றிய பக்கங்கள், மிக்சி வாங்கினால் கூடவே வரும் பயன்பாட்டுக் குறிப்பு, ஏலம் டெண்டர் அறிவிப்புகள், மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்த தாள், முந்தைய ஆண்டு வினாத்தாள் இவையெல்லாம் நல்ல பக்கங்கள். அமெரிக்க ஓவியர் டோரிஸ் கிராஸ் 1965-இலேயே பள்ளி அகராதியின் பத்திகளில் இந்த வேலையைத் தொடங்கினார்; அகராதியைவிட வறண்ட பக்கம் ஏது? பெரிய பிள்ளைகளுக்கு ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு உகந்தது. 1736 முதல் 1761 வரை புதுச்சேரியில் வந்த கப்பலும் போன சரக்கும் கண்ட காட்சியும் கேட்ட பேச்சும் அதில் இருக்கின்றன. தமிழ் உரைநடை தன்னை அழகு பார்த்துக்கொள்ளாத காலத்து எழுத்து. 1879-இல் வந்த பிரதாப முதலியார் சரித்திரமும் ஃபிலிப்ஸின் மல்லாக்கைப் போல ஆண்டுக்கணக்காகத் தோண்டத் தகுந்த நாவல். இரண்டுக்கும் காப்புரிமைத் தொல்லை இல்லை.

சில பக்கங்களைத் தவிர்ப்பது நல்லது. ‘கண்ணீர் அஞ்சலி’, ‘காணவில்லை’ விளம்பரங்கள் முதல் பார்வையில் ஈர்க்கும். ஆனால் அந்தப் பெயருக்குரிய குடும்பம் பக்கத்துத் தெருவில் இருக்கலாம். விபத்துச் செய்திகளும் அப்படியே. நல்ல கவிதைகளையும் சிறிய வகுப்புகளில் விலக்கி வைப்பேன். ஒரு கவிஞர் ஏற்கெனவே சுருக்கி வைத்ததை மறுபடி சுருக்கப் பெரிய கைப்பழக்கம் வேண்டும்.

புத்தகத்தைக் கிறுக்கலாமா என்ற கேள்வி நம் ஊரில் கட்டாயம் எழும். எழ வேண்டியதுதான். காலில் பட்ட புத்தகத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் பிள்ளையிடம் பக்கத்தைக் கிழிக்கச் சொல்வது அதன் மனத்தைக் கிழிப்பது. இதை ‘மூடப் பழக்கம்’ என்று ஒதுக்கிவிட்டுப் பாடம் நடத்த முடியாது. ஜெராக்ஸ் எடுத்த தாள் போதும். பழைய நாளிதழ் அதைவிட மேல், நாமே அதில் சுண்டல் மடித்துத் தின்றிருக்கிறோம். முதலில் பென்சில், படித்துப் பார்த்துத் திருத்திக்கொண்ட பிறகே மார்க்கர் என்பதைக் கண்டிப்பாக வைத்துக்கொள்ளுங்கள். நேராக மார்க்கரை எடுத்தவர்கள் பாதியில் மனம் மாறித் தவித்துப்போவார்கள். ஒயிட்னர் வேண்டவே வேண்டாம், அதன் வாடை பிள்ளைகளுக்கு ஆகாது. மறைத்த இடத்தில் படம் வரைய ஆசைப்படும் பிள்ளையைத் தடுக்கத் தேவையில்லை. ஆனால் படம் வந்ததும் சொல்லைப் பற்றிய பேச்சு நின்றுபோகிறது. ஓவிய வகுப்புக்கு அந்தத் தாளைக் கொண்டுபோகச் சொல்லிவிடுவது என் வழக்கம்.

அடுத்தவர் சொல்லை எடுப்பது திருட்டு ஆகாதா? பிள்ளைகள் கேட்கும் கேள்வி, நியாயமான கேள்வி. ஸ்காட்லாந்தின் பெருங்கவிஞர் ஹியூ மக்டயார்மிட் பெயரில் வந்த ‘பர்ஃபெக்ட்’ என்ற சிறு கவிதை பலராலும் பாராட்டப்பட்டது. அதன் வரிகள் பெரும்பாலும் வேல்ஸ் எழுத்தாளர் கிளின் ஜோன்ஸ் 1937-இல் வெளியிட்ட சிறுகதைத் தொகுதியில் உள்ள வாக்கியங்களே என்பது 1965-இல் வெளிப்பட்டபோது லண்டன் டைம்ஸ் இலக்கிய இதழில் பெரும் விவாதம் நடந்தது. அடி பிரித்ததே படைப்பு என்றார்கள் சிலர். கதாசிரியர் பெயரைச் சொல்லாமல் எடுத்தது தவறு என்றார்கள் பலர். இரு தரப்பும் சொன்னதில் உண்மை இருக்கிறது, அதனாலேயே விதி எளிமையானது: எடுத்த இடத்தைச் சொல். கவிதைக்குக் கீழே மூலப் பக்கம், நாள், எழுதியவர் பெயர் மூன்றும் இருக்க வேண்டும். இந்தியக் காப்புரிமைச் சட்டம் 1957 பாடம் நடத்தும்போது ஆசிரியரும் மாணவரும் செய்யும் பிரதிக்கு இடம் தருகிறது. பள்ளி ஆண்டு மலரில் அச்சிடுவது பாடம் நடத்துவதில் சேராது. அதற்கு, எழுதியவர் மறைந்து 60 ஆண்டு கடந்த நூல்களோ நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்களோ பாதுகாப்பானவை. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் அவை ஏராளமாகக் கிடைக்கின்றன.

சட்டத்தைவிடக் கடினமான கேள்வி வேறு: யாருடைய பக்கத்தை, யாருக்காக எடுக்கிறோம் என்பது. அது மேல்நிலை வகுப்பு மாணவர்களுக்கு உரியது. இந்த வடிவத்தின் மிகப் பெரிய சாதனைகளும் மிக மோசமான தவறும் அங்கேதான் இருக்கின்றன. 1781-இல் சோங் என்ற அடிமைக் கப்பலில் இருந்து 130-க்கும் மேற்பட்ட ஆப்பிரிக்கர்கள் உயிரோடு கடலில் வீசப்பட்டார்கள். கொலை வழக்கு நடக்கவில்லை. தொலைந்த ‘சரக்கு’க்குக் காப்பீட்டுத் தொகை கேட்டு உரிமையாளர்கள் தொடுத்த வழக்குதான் நடந்தது, 1783-ஆம் ஆண்டின் அந்த நீதிமன்றக் குறிப்பு இரண்டு பக்க அளவுக்கு மேல் போகாது. டொபேகோவில் பிறந்து கனடாவில் வாழும், சட்டம் படித்த கவிஞர் நௌர்பீஸ் பிலிப், 2008-இல் வெளியிட்ட தம் நூலை அந்தக் குறிப்பின் சொற்களை மட்டுமே வைத்துத் தொடங்கினார். சொற்களை உடைத்தார், சிதறினார், பக்கமெங்கும் மிதக்க விட்டார். இறந்தவர்களின் பெயரைக்கூடப் பதியாத ஓர் ஆவணத்தின் எழுத்துகளிலிருந்தே அவர்களுக்கான ஓலத்தை எடுத்தார். சார்லஸ் ரெஸ்னிகாஃப் 1975-இல் நியூரம்பர்க், ஐக்மன் விசாரணைப் பதிவுகளிலிருந்து யூதப் படுகொலையைப் பற்றிய நூலைச் செய்தார். தம்முடைய உவமை ஒன்றைக்கூட இடையில் சொருகவில்லை. ஐ.நா. பொதுச் செயலாளராக இருந்த கர்ட் வால்ட்ஹைம், நாஜி ராணுவத்தில் தாம் ஆற்றிய பணியின் பெரும்பகுதியை மறைத்தவர். அவருடைய நினைவுக் குறிப்பு நூலை ஸ்ரீகாந்த் ரெட்டி மூன்று முறை அழித்து எழுதி 2011-இல் ‘வாயேஜர்’ என்று வெளியிட்டார். மறைத்தவரின் பக்கத்தை மறைத்து மறைத்து, அவர் மறைத்ததை வெளியே கொண்டுவரும் வேலை அது.

எதிர்ப்பக்கத்தில் ஒன்று. 2014-இல் அமெரிக்காவின் ஃபெர்குசனில் காவலரால் சுடப்பட்டு இறந்த மைக்கேல் பிரவுன் என்ற கறுப்பின இளைஞரின் பிரேதப் பரிசோதனை அறிக்கையை, 2015-இல் கென்னத் கோல்ட்ஸ்மித் சற்றே மாற்றித் தம் கவிதையாக மேடையில் வாசித்தார். கடும் கண்டனம் எழுந்தது. அவரும் பிலிப்பும் செய்த வேலை வெளித்தோற்றத்தில் ஒன்றுதான், இருவரும் அரசு ஆவணத்தை எடுத்தார்கள். பிலிப், ஆவணம் யாரைச் சரக்கு என்று சொன்னதோ அவர்கள் பக்கம் நின்று ஆவணத்தை உடைத்தார். கோல்ட்ஸ்மித் மேடைக்கு எடுத்து வந்தது, துக்கம் ஆறாத ஒரு தாயின் மகனுடைய உடலை. மேல்நிலை வகுப்பில் இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பேசாமல் இந்த வடிவத்தைக் கற்பித்து முடிக்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். ‘இந்தப் பக்கத்தில் யார் பேசுகிறார்? யாரைப் பற்றி? அவர்களுக்கு நீ செய்தது தெரிந்தால் என்ன நினைப்பார்கள்?’ என்ற மூன்று கேள்விகளுக்கும் மாணவர் பதில் எழுதிவிட்டே பென்சிலை எடுக்க வேண்டும்.

கடைசியாக மதிப்பெண். கவிதை ‘நன்றாக’ வந்திருக்கிறதா என்று பார்த்து மதிப்பெண் போட்டால் அடுத்த முறை வகுப்பு முழுவதும் பொன்மொழி செய்யத் தொடங்கிவிடும். ‘வாழ்க்கை’ என்ற சொல் உள்ள பக்கத்தைத் தேடி அலைவார்கள். அதற்குப் பதிலாகக் கவிதையோடு அரைப் பக்கக் குறிப்பு ஒன்று கேட்கலாம்: எந்தச் சொல்லை முதலில் எடுத்தாய், எதை எடுத்துவிட்டுப் பிறகு அடித்தாய், எந்தச் சொல் தேவைப்பட்டும் பக்கத்தில் இல்லை, அப்போது என்ன செய்தாய்? மதிப்பெண் இந்தக் குறிப்புக்கு. சுமாரான கவிதைக்கு மிக நல்ல குறிப்பு எழுதும் பிள்ளைகளை வகுப்பில் பார்க்கிறோம். அவர்கள் நல்ல வாசகர்களாக ஆகிக்கொண்டிருப்பவர்கள்.

பொதுத்தேர்வில் ‘இலக்கிய நயம் பாராட்டுக’ என்ற வினாவுக்கு நம் மாணவர்கள் எழுதும் விடை எல்லாருக்கும் தெரியும். எதுகை நயம், மோனை நயம், சந்த நயம் என்று துணைத்தலைப்புகள் முன்பே மனப்பாடமாக இருக்கும். எந்தப் பாட்டு வந்தாலும் அதற்குள் இரண்டு வரியை எடுத்துச் செருகிவிடலாம். பாட்டைப் படிக்காமலேயே முழு மதிப்பெண் வாங்கலாம் என்பதை மாணவரும் அறிவார், திருத்துபவரும் அறிவார். அச்சுப் பக்கத்தில் சொல்லை அடித்துப் பழகிய மாணவரிடம் வேறொரு வினாவைக் கேட்க முடியும்: இந்தப் பாட்டில் இந்த ஒரு அடைமொழியை நீக்கிவிட்டால் எது போகும், எது நிற்கும்? இதற்கு மனப்பாட விடை கிடையாது. இதைக் கேட்க மார்க்கரும் ஜெராக்ஸும் தேவையில்லை, பாடத்திட்டம் மாறும் வரை காத்திருக்கவும் வேண்டாம். அடுத்த இடைப்பருவத் தேர்வு வினாத்தாளிலேயே சேர்க்கலாம்.